படிக்கட்டு, ரயில்வே கேட், ஒரு சின்ன நூலகம்

செவ்வாய், யோட்சுயா

சுகா கோயில் படிக்கட்டுக்குக் காலை எட்டு மணிக்குள் போய்விட வேண்டும் என்று கதிர் கறாராகச் சொல்லிவிட்டான். கதிர் என் சித்தப்பா மகன். டோக்கியோவில் மென்பொருள் வேலை பார்க்கிறான். நான் தங்கியிருப்பதும் அவன் வீட்டில்தான். இந்த வாரம் முழுக்க அனிமேயில், அதாவது ஜப்பானிய அனிமேஷனில், வந்த இடங்களாகத் தேடிப் போவதாகத் திட்டம். இங்குள்ள ரசிகர்கள் இதை 'செய்ச்சி ஜுன்ரேய்' என்கிறார்கள், தல யாத்திரை. கேலியாகச் சொல்வதில்லை. 2016இல் தொடங்கிய அனிமே டூரிசம் அசோசியேஷன், ஷிகோகு தீவின் 88 பௌத்தக் கோயில் யாத்திரையை மனதில் வைத்து 88 இடங்களுக்குப் பட்டியலே போட்டு வெளியிடுகிறது. 108 திவ்ய தேசத்துக்கும் தனி டைரி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக டிக் அடிக்கும் பெரியப்பா வீட்டில் வளர்ந்தவள் நான். எனக்கு இதில் விநோதம் ஒன்றும் தெரியவில்லை.

யோட்சுயா-சான்சோமே ஸ்டேஷனில் இறங்கிப் பெரிய சாலையைத் தாண்டினால் சந்துகள். ஒரு கார் வந்தால் நாம் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய அகலம். வீட்டு வாசல்களில் பூந்தொட்டிகள், சைக்கிள்கள், தலைக்கு மேலே மின்கம்பிகள். இப்படிப் பத்து நிமிடம் நடந்து ஒரு முனையில் திரும்பியதும் அது வந்துவிட்டது: 'யுவர் நேம்' படத்தின் போஸ்டரில் இருக்கும் படிக்கட்டு, நடுவில் சிவப்புக் கைப்பிடி. படத்தின் கடைசிக் காட்சியும் இங்கேதான். அதைப் பற்றி மேற்கொண்டு சொல்லவில்லை, பார்க்காதவர்கள் பாவம்.

எனக்கு வியப்பாக இருந்தது படத்தோடு அது ஒத்துப்போனது அல்ல, அது எவ்வளவு சாதாரணம் என்பதுதான். அக்கம்பக்கத்தார் ஸ்டேஷனுக்குப் போகவும் பால் வாங்கி வரவும் ஏறி இறங்கும் படி. இயக்குநர் மகோட்டோ ஷின்காயின் குழு 2016இல் இதை வரைந்தபோது மின்கம்பத்தையோ கம்பிகளையோ எடுத்துவிடவில்லை. அழகுபடுத்துகிறேன் என்று எதையும் நீக்காமல், வெளிச்சத்தை மட்டும் தங்கள் இஷ்டத்துக்கு மாற்றிக்கொண்டார்கள். அதனால்தான் நேரில் வந்து நிற்பவருக்கு எதைப் பார்த்தாலும் 'இது இருந்தது, இதுவும் இருந்தது' என்று தோன்றிக்கொண்டே இருக்கிறது.

எட்டு மணிக்கே எங்களுக்கு முன்னால் ஐந்தாறு பேர். கீழே ஒரு கொரிய ஜோடி, மேலே ஸ்பானிஷ் பேசும் ஒரு குடும்பம். யாரும் ஏற்பாடு செய்யாமலே ஒரு வழக்கம் உருவாகியிருக்கிறது: மேலே நிற்பவர் கீழே நிற்பவரின் படத்துக்கு நடிக்கிறார், பிறகு கீழே நிற்பவர் மேலே இருப்பவரின் படத்துக்கு. முன்பின் தெரியாதவர்கள் படிக்கட்டின் நடுவில் திரும்பி ஒருவரை ஒருவர் பார்ப்பது போல நிற்கிறார்கள். எங்கள் முறை வந்தபோது கோட் போட்ட ஒருவர் அலுவலகப் பையோடு மேலிருந்து இறங்கினார். எல்லாரும் சட்டென்று ஓரமாக ஒதுங்கினோம். அவர்தான் 'சுமிமாசேன்' என்று எங்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போனார். அவர் தெரு, அவர் படி. தினமும் காலையில் இதே கதையாகத்தான் இருக்கும்.

"அக்கா, மூஞ்சிய கொஞ்சம் சோகமா வைங்க" என்றான் கதிர். வைத்துப் பார்த்தேன், வரவில்லை.

கோயிலுக்குள் பெரும்பாலோர் போவதே இல்லை. நாங்கள் போனோம். முப்பத்தாறு பழம்பெரும் கவிஞர்களின் ஓவியங்கள் இந்தக் கோயிலின் சொத்து. வேண்டுதல் பலகைகளில் பாதிக்கு மேல் படத்தின் இரண்டு முகங்கள்தான், அதில் சில அசலைவிட நன்றாக வரைந்தவை.

அங்கிருந்து ஷினனோமாச்சி ஸ்டேஷன் முன்னால் இருக்கும் நடைமேம்பாலம் வரை நடந்தோம். 'யுவர் நேம்' நாயகன் டாக்கி போனைக் காதில் வைத்துக்கொண்டு நிற்கும் இடம். தூரத்தில் டோகோமோ கோபுரம் தெரிகிறது, கீழே கார்கள். அங்கே நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான். டாக்கியும் அவனோடு வேலை பார்க்கும் ஒகுதேராவும் சாப்பிடும் உணவகம் ரொப்போங்கியில் தேசியக் கலை மையத்துக்குள் இருக்கிறது, அதற்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. சரி, போகட்டும்.

புதன், மழை

எல்லாரும் மழை நிற்கக் காத்திருப்பார்கள், நாங்கள் வரக் காத்திருந்தோம். ஜூன் என்பதால் அதிகம் காக்கவைக்கவில்லை. காலை ஒன்பதுக்கு ஷின்ஜுகு கியோயென் கதவு திறக்கும்போதே நல்ல தூறல். நுழைவுச் சீட்டு 500 யென்.

'கார்டன் ஆஃப் வேர்ட்ஸ்' 46 நிமிடப் படம், 2013இல் வந்தது. மழை பெய்யும் காலைகளில் பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டு ஒரு பையன் இந்தப் பூங்காவுக்கு வருவான். கூரை போட்ட ஒரு சின்ன மண்டபத்தில் ஒரு பெண் காலையிலேயே பீர் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், தொட்டுக்கொள்ளச் சாக்லேட். கதை அவ்வளவுதான், மீதி எல்லாம் மழை.

பூங்கா பெரியது, 58 ஹெக்டேருக்கு மேல். எடோ காலத்தில் நைட்டோ என்ற பிரபுக் குடும்பத்தின் மாளிகை நிலம். 1906இல் அரச குடும்பத்தின் தோட்டமானது, 1949இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். அந்த மண்டபம் ஜப்பானியத் தோட்டப் பகுதியில் குளத்தை ஒட்டி இருக்கிறது. போகிற வழியில் குடை பிடித்துக்கொண்டு போனைப் பார்த்து நடந்த ஒருவரைப் பின்தொடர்ந்தோம், அவர் நேராக அங்கேதான் போனார். மழை நாளில் இந்தப் பூங்காவில் யாரைப் பின்தொடர்ந்தாலும் அங்கேதான் போய்ச் சேருவோம் போல.

உள்ளே ஏற்கெனவே மூன்று பேர் இருந்தார்கள். யாரும் யாரோடும் பேசவில்லை. ஒருவர் எழுந்து போனால் வெளியே குடையோடு நிற்பவர் உள்ளே வந்து அதே இடத்தில் உட்காருகிறார். நாங்களும் உட்கார்ந்தோம். கூரை விளிம்பிலிருந்து தண்ணீர் ஒரே கோட்டில் சொட்டி, கீழே அந்தக் கோட்டில் மட்டும் கூழாங்கல் கழுவிவிட்ட மாதிரி பளிச்சென்று இருந்தது. எதிரே மேப்பிள் மரம். இலையுதிர் காலத்துச் சிவப்புக்குத்தான் அதற்குப் பெயர் என்றாலும், ஜூன் மாதத்துப் பச்சை வேறு ஜாதி. படத்தில் ஆட்களின் முகவிளிம்பிலும் கழுத்திலும் லேசாகப் பச்சை நிறம் பூசியிருப்பார்கள். பார்த்தபோது ஓவியரின் ஆடம்பரம் என்று நினைத்திருந்தேன். எதிரே உட்கார்ந்திருந்தவரின் வெள்ளைச் சட்டையைப் பார்த்தேன், தோளோரம் உண்மையிலேயே பச்சை தட்டியிருந்தது.

பூங்காவில் மதுவுக்குத் தடை. அந்தப் படத்தின் கதாநாயகி செய்தது விதிமீறல்தான். பக்கத்தில் இருந்தவர் கையில் இருந்தது பார்லி டீ.

படத்தில் ஒரு பழம்பாட்டு வரும், ஆயிரம் ஆண்டுக்கும் மேற்பட்ட ஜப்பானியத் தொகைநூலில் இருந்து. இடி மெல்ல முழங்கி, வானம் மூடி, மழையும் வந்துவிட்டால் நீ போகாமல் இங்கேயே இருந்துவிடுவாயா என்று அவள் கேட்பதாக வரும். மழை வராவிட்டாலும் இருக்கிறேன், நீ சொன்னால் போதும் என்பது மறுபாட்டு. கார்காலத்தைக் காட்டிக் காதலைச் சொல்லும் முல்லைத் திணை படித்த நமக்கு இது வெளியூர்ப் பாட்டு மாதிரியே படாது. கதிரிடம் சொன்னேன். "ப்ளஸ் டூல படிச்சதெல்லாம் மறந்துபோச்சுக்கா" என்றான்.

மதியம் கோயென்ஜிக்குப் போனோம், அங்கே வானிலைக்கென்றே ஒரு சின்னச் சன்னிதி இருக்கிறது. கிஷோ ஜின்ஜா. 1944இல் ராணுவத்தின் வானிலைப் பிரிவு வளாகத்துக்குள் கட்டியது, போருக்குப் பிறகு ஹிகவா கோயிலுக்குள் கொண்டுவந்து வைத்தார்கள். 'வெதரிங் வித் யூ' படத்தில் வருவதால் கூட்டம். அந்தப் படம் இந்தியத் திரையரங்குகளுக்கு வந்ததே ரசிகர்கள் கையெழுத்து இயக்கம் நடத்திக் கேட்டதால்தான், 2019 அக்டோபரில். இங்கே வேண்டுதல் பலகை கெத்தா என்ற மரச்செருப்பின் வடிவத்தில் இருக்கிறது. செருப்பை உதறி எறிந்து, நேராக விழுந்தால் வெயில், கவிழ்ந்தால் மழை என்று குழந்தைகள் சொல்வார்களாம், அதன் தொடர்ச்சி. தொங்கிய செருப்புகளில் கதிர் படித்துக் காட்டியதெல்லாம் ஒரே வகை: கல்யாண நாளில் வெயில் வேண்டும், பள்ளி விளையாட்டு விழாவில் வெயில் வேண்டும், சுற்றுலாவில் வெயில் வேண்டும். மதுரைக்காரி சும்மா இருக்க முடியுமா? ஒரு செருப்பு வாங்கி, இந்த வருஷம் வைகை அணை நிறையட்டும் என்று தமிழில் எழுதி மாட்டிவிட்டு வந்தேன்.

வியாழன், கமகுரா

இன்றைய இடத்தைப் பற்றி எனக்கு இரண்டு மனம்.

ஃபுஜிசவாவிலிருந்து கமகுரா வரை ஓடும் எனோடென் 10 கிலோமீட்டர் ரயில். 15 ஸ்டேஷன், 1902இல் முதல் துண்டு திறந்தது. பச்சையும் இளமஞ்சளும் பூசிய பெட்டிகள் வீடுகளின் பின்புறச் சுவரை உரசாத குறையாகப் போகும். எனோஷிமாவுக்கும் கொஷிகோயேவுக்கும் நடுவே தெருவிலேயே, கார்களோடு கார்களாக ஓடுகிறது. முன்பெட்டியில் நின்று ஓட்டுநரின் தோளுக்கு மேலாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். மீன்கடைக்காரர் ஒருவர் தண்டவாளத்தை ஒட்டிப் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தார், ரயிலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இதற்காகவே இன்னொரு தடவை வரலாம்.

கொஷிகோயே தாண்டியதும் சட்டென்று வலது பக்கம் கடல். அடுத்த ஸ்டேஷன் கமகுராகோகோமாயே, பெயருக்கேற்ப மேலே மேட்டில் பள்ளிக்கூடம். இறங்கி ஒரு நிமிடம் நடந்தால் அந்த ரயில்வே கேட். 1993 முதல் 1996 வரை ஓடிய 'ஸ்லாம் டங்க்' என்ற கூடைப்பந்து அனிமே தொடரின் தொடக்கப் பாட்டில் சில நொடிகள் வரும். கேட்டுக்கு அந்தப் பக்கம் நாயகி ஹருகோ, பின்னால் கடல், நடுவில் ரயில் கடந்து போகும். தைவானிலும் கொரியாவிலும் சீனாவிலும் ஒரு தலைமுறைக்கே அந்தச் சில நொடிதான் பள்ளிப் பருவம். 2022 டிசம்பரில் புதுப் படம் வந்தபிறகு கூட்டம் இன்னும் கூடிவிட்டது.

வியாழக்கிழமை முற்பகல்தான். ஆனாலும் சாலையின் ஒரு பக்கம் நூறு பேராவது இருப்பார்கள். நகராட்சி நிறுத்திய காவலர்கள் கையில் சிவப்பு விளக்குத் தடியோடு 'சாலையில் நிற்காதீர்கள்' என்று பல மொழிகளில் எழுதிய பலகையைக் காட்டிக்கொண்டே இருக்கிறார்கள். பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு ரயில். மணி அடிக்கத் தொடங்கியதும் கூட்டம் அப்படியே ஓரடி முன்னால் நகரும், காவலர் கையை விரித்துப் பின்னால் தள்ளுவார். ரயில் போகும். எல்லாரும் போனைப் பார்ப்பார்கள். கொஞ்சம் பேர் கிளம்புவார்கள், அதே அளவு பேர் வந்து சேருவார்கள். ஒரு கார் மேட்டிலிருந்து இறங்க முடியாமல் நின்றது. ஓட்டிய அம்மா ஹாரன்கூட அடிக்கவில்லை, ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி காத்திருந்தார். அந்த முகத்தைப் பார்த்ததும் போனைப் பைக்குள் வைத்துவிட்டேன்.

காட்சி அழகு, அதில் சந்தேகமே இல்லை. கேட் தடுப்பு, சரிவு, அதற்குக் கீழே நெடுஞ்சாலை, அதற்கு அப்பால் ஷோனான் கடல். யார் படம் எடுத்தாலும் நன்றாக வரும் கோணம். சிக்கலும் அதுதான். எல்லாருக்கும் ஒரே இடம், ஒரே திசை, ஒரே நொடி. யோட்சுயா படிக்கட்டில் ஒரு நேரத்தில் ஐந்தாறு பேர், ஒதுங்க இடம் உண்டு. இங்கே ஒதுங்குவதென்றால் தண்டவாளம். வந்தவர் உட்கார ஒரு பெஞ்சு, செலவழிக்க ஒரு கடை என்று எதுவும் அந்த முனையில் இல்லை. வருகிறோம், எடுக்கிறோம், போகிறோம். அங்கே குடியிருப்பவருக்கு இதனால் பத்துப் பைசா பிரயோஜனம் கிடையாது, தொல்லை மட்டும் நூறு சதவீதம்.

பள்ளி விட்டதும் பிள்ளைகள் மேட்டிலிருந்து இறங்கி வந்தார்கள். வெள்ளைச் சட்டை, தோளில் விளையாட்டுப் பை. அந்தக் கூட்டத்துக்குள் வழி கண்டுபிடித்து, யார் சட்டகத்துக்குள் நுழைகிறோம் என்ற கவலையே இல்லாமல் ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ஒருத்தி நடந்துகொண்டே ரொட்டி தின்றாள். எல்லா கேமராவும் கடலைப் பார்த்து இருந்தன.

நாங்கள் கொஷிகோயேவுக்கே திரும்பி நடந்து ஷிராசு சோறு சாப்பிட்டோம். நெத்திலி, சாளைக் குஞ்சுகளை வேகவைத்துச் சோற்றின் மேல் அள்ளிப் போட்டுத் தருகிறார்கள், மேலே கொஞ்சம் இஞ்சி. பிரமாதம்.

வெள்ளி, ஒச்சனோமிசு

இன்று கதிருக்கு அலுவலகம். தனியாக ஒச்சனோமிசுவுக்கு மட்டும் போய் வந்தேன். 'சுசூமே' படத்தின் நாயகி இங்குள்ள ஹிஜிரி பாலத்திலிருந்து குதிப்பாள். 1923 பெருநிலநடுக்கத்துக்குப் பிறகு 1927இல் கட்டிய பாலம் அது. ஒரு கரையில் கன்பூசியஸ் கோயில், மறு கரையில் ஆர்த்தடாக்ஸ் பேராலயம். நிலநடுக்கத்தைப் பற்றிய படத்துக்கு நிலநடுக்கம் கட்டவைத்த பாலம், தேர்ந்தெடுத்தவருக்கு ஒரு கும்பிடு. கீழே கண்டா ஆறு. அதன் மேலே வெவ்வேறு உயரத்தில் மூன்று தடங்கள், மூன்றிலும் ஒரே நேரத்தில் ரயில் வரும் நொடிக்காகப் பெரிய கேமராவோடு ரயில் பைத்தியங்கள் நிற்கிறார்கள். அனிமே பைத்தியங்களுக்கும் அவர்களுக்கும் பாலத்தின் கைப்பிடிச் சுவர் ஒன்றேதான், சண்டை சச்சரவு இல்லை. கால் வலி. சீக்கிரம் வீடு திரும்பிவிட்டேன்.

சனி, கசுகாபேயும் வஷினோமியாவும்

இரண்டு ஊரும் சைத்தாமா மாநிலத்தில், ஒரே தோபு ரயில் பாதையில் இருக்கின்றன. டோக்கியோவிலிருந்து வடக்கே போகப் போகக் கட்டடங்கள் குட்டையாகி, நடுநடுவே வயல் எட்டிப் பார்க்கும்.

கசுகாபே என்றால் நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டாம். ஷின்சான் வீடு. 2008இல் 'பிள்ளைகளைக் கெடுக்கிறது' என்று இந்தியாவில் கொஞ்ச நாள் தடை செய்திருந்தார்களே, அந்த ஷின்சான்தான். தமிழில் டப்பிங் கேட்டு வளர்ந்த கதிருக்கு இன்றுவரை அவன் ஜப்பானியனாக ஒட்டவே இல்லை. 2025இல் வந்த படத்தில் கசுகாபேயும் ஒரு கற்பனை இந்திய நகரமும் சகோதர நகரங்களாகி, ஷின்சான் கூட்டமே இந்தியாவுக்குக் கிளம்பிவிடுகிறது. ரயில் கதவு மூடும்போது ஷின்சான் பாட்டு மெட்டு ஒலித்தது. கதிர் பிளாட்பாரத்திலேயே நின்றுவிட்டான். "அக்கா, இன்னொரு ரயில் போகட்டும், ரெக்கார்ட் பண்ணிக்கிறேன்" என்றான். முப்பது வயது ஆள்.

ஊரில் பார்க்க என்ன இருக்கிறது என்றால், பெரிதாக ஒன்றும் இல்லை. அதுதான் விஷயம். ஷின்சானின் அப்பா வீட்டுக் கடனைக் கட்டிக்கொண்டு தினமும் டோக்கியோவுக்கு ரயிலேறும் மனிதர். கசுகாபே அப்படிப்பட்ட மனிதர்கள் வாழும் ஊர். இரண்டு மாடி வீடுகள், சின்னக் கார் நிறுத்துமிடம், துணி காயும் பால்கனி. இதை வரைந்த யோஷிட்டோ உசுய் இந்த ஊர்க்காரராக வாழ்ந்தவர், 2009இல் மலையில் தவறி விழுந்து இறந்தார். எந்தத் தெருவில் திரும்பினாலும் கார்ட்டூனுக்குள் நடப்பது போலத்தான் இருக்கிறது, குறிப்பிட்ட வீடு என்று ஒன்று இல்லாததால் யார் வாசலிலும் கூட்டம் இல்லை. பாவ்லோனியா மரப் பெட்டி செய்வது இங்கே பழைய தொழில். ஒரு கடையில் இழுப்பறையை இழுத்துக் காட்டினார்கள். ஒன்றை உள்ளே தள்ளினால் காற்றழுத்தத்தில் இன்னொன்று தானாக வெளியே வருகிறது, அவ்வளவு நெருக்கமான பொருத்தம்.

இந்த ஊருக்கு அடியில்தான் வெள்ள நீரை வடிக்கும் அந்தப் பிரம்மாண்டச் சுரங்கம் இருக்கிறது, ஏறத்தாழ 50 மீட்டர் ஆழத்தில் 6.3 கிலோமீட்டர், 2006இல் முடிந்தது. சின்ன ஆறுகள் பொங்கினால் அந்தத் தண்ணீரை வாங்கி எடோ ஆற்றில் கொட்டிவிடும். 2015 டிசம்பரில் சென்னையில் மொட்டை மாடியில் இரண்டு நாள் கழித்தவர்களைத் தெரிந்தவள் என்பதால் இதைச் சொல்லாமல் தாண்ட முடியவில்லை. உள்ளே போக முன்பதிவு வேண்டும், அதற்குத் தனி நாள் வேண்டும்.

மதியம் குகியில் வண்டி மாறி அடுத்த ஸ்டேஷன் வஷினோமியா. இந்த வாரம் நான் பார்க்கவேண்டும் என்று நினைத்த முக்கியமான இடம் இதுதான்.

2007இல் 'லக்கி ஸ்டார்' என்று ஒரு தொடர் வந்தது. நான்கு பள்ளிப் பெண்கள் உட்கார்ந்து அரட்டை அடிப்பதுதான் கதை. அதில் ஹீராகி இரட்டையர் ஒரு கோயில் பூசாரியின் மகள்கள். அந்தக் கோயிலுக்கு மாதிரி வஷினோமியா கோயில். டோக்கியோவைச் சுற்றியுள்ள கான்டோ பகுதியின் மிகப் பழைய கோயில்களில் ஒன்று என்று அவர்கள் சொல்லிக்கொள்வது. ஆனால் அதுவரை அக்கம்பக்கத்தார் மட்டும் வரும் கோயில். திடீரென்று முதுகுப்பையும் கேமராவுமாக இளைஞர்கள் வந்து வெற்றுச் சாலையைப் படம் எடுக்கவும் ஊர்க்காரர்கள் திகைத்துப் போயிருக்கிறார்கள்.

ஊர் வணிகர் சங்கம் விரட்டவில்லை. வந்தவர்களிடமே போய், உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார்கள். போன் பட்டை, பலகை, அட்டை என்று செய்து, ஒரே கடையில் குவிக்காமல் ஊர் முழுக்க ஒவ்வொரு கடையிலும் ஒவ்வொன்றாக விற்றார்கள். எல்லாம் சேர்க்க வேண்டுமென்றால் அரிசிக்கடைக்கும் போகவேண்டும், முடிதிருத்தகத்துக்கும் போகவேண்டும். போனால் பேச வேண்டும். 2008 செப்டம்பர் திருவிழாவில் லக்கி ஸ்டார் படம் வரைந்த ஒரு சப்பரத்தை ரசிகர்களே தூக்க ஊர் அனுமதித்தது. புத்தாண்டுக்குக் கோயிலுக்கு வந்தவர்கள் 2007இல் ஏறத்தாழ 1.3 லட்சம், அடுத்த ஆண்டு 3 லட்சம், 2011இல் 4.7 லட்சம். தொடர் முடிந்து மூன்று வருஷத்துக்கு மேல் கழித்து!

இன்று ஸ்டேஷனிலிருந்து நடக்கும்போது பாதிக் கடைகளின் ஷட்டர் மூடியிருந்தது. அனிமே வந்து ஊரைத் தூக்கி நிறுத்திவிட்டது என்று கதை சொன்னால் அது பொய். வயதானவர்கள் அதிகம், தெருவில் ஆள் குறைவு. ஆனால் திறந்திருந்த கடைகளின் கண்ணாடியில் வெயிலில் வெளுத்துப்போன இரட்டையர் போஸ்டர் இன்னும் இருக்கிறது. பதினெட்டு வருஷத்துக்கு மேலாகியும் யாரும் கிழித்துப் போடவில்லை.

கோயில் முகப்பில் இருந்த மரத் தோரண வாயில் 2018 ஆகஸ்டில் தானாகவே சாய்ந்து விழுந்தது, மரம் உள்ளே உளுத்திருந்தது. தொடரில் வரும் அதே வாயில். புதியது 2021 கடைசியில் எழுந்தது. அதன் முன்னால் ஒருவர் நின்று, போனில் இருந்த பழைய காட்சியோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும், கூடவே பத்து வயதுப் பெண். கதிர் பேச்சுக் கொடுத்தான். கல்லூரிக் காலத்தில் முதலில் வந்தாராம், சப்பரம் தூக்கியிருக்கிறாராம், கடைக்காரர்கள் பலரைப் பெயர் சொல்லித் தெரியுமாம். மகளுக்கு லக்கி ஸ்டார் தெரியாது, அவளுக்குத் திருவிழாப் பலகாரம் மட்டும் தெரியும்.

கமகுராவில் அந்தக் கேட்டுக்கு முன்னால் நின்றவர்களும் இவரும் ஒரே வகை ரசிகர்கள்தான். இவரிடம் ஊர் பேசியது, அவர்களிடம் காவலர் மட்டும்தான் பேசுகிறார். கமகுராவைக் குறை சொல்லவும் முடியாது. அந்த முனையில் பேசுவதற்கு ஆளோ கடையோ இருந்தால்தானே? பத்து நிமிடத்தில் எடுத்து முடிக்கக்கூடிய படமாக ஓர் இடம் அமைந்துவிட்டால் வந்தவர் பத்து நிமிடம்தான் இருப்பார். வஷினோமியாவில் படம் எடுக்க அப்படி ஒன்றும் இல்லாததே அதன் அதிர்ஷ்டம் என்று எனக்குத் தோன்றுகிறது. கதிர் ஒத்துக்கொள்ளவில்லை. "கமகுராவுக்கு வர்ற கூட்டத்துல பத்துல ஒரு பங்கு இங்க வந்தாலே போதும்க்கா, இந்த ஷட்டரெல்லாம் திறந்துரும்" என்கிறான். ரயிலில் திரும்பும்வரை வாதம் முடியவில்லை.

ஞாயிறு, ஹிடா-ஃபுருகவா

விடியற்காலை ஷின்கான்சென் அதிவேக ரயில் பிடித்து தொயாமா, அங்கிருந்து 'ஹிடா' விரைவு ரயில். மலை ஏறும் டீசல் ரயில் என்று எதிர்பார்த்தேன். 2022 முதல் ஹைப்ரிட் ஆகிவிட்டதாம், சத்தமே இல்லை. ஆற்றை மாறி மாறிக் கடந்து ஒன்றேகால் மணி நேரத்தில் ஃபுருகவா.

'யுவர் நேம்' படத்தில் டாக்கி தன் மனதில் இருக்கும் ஊரை வரைந்த படங்களை எடுத்துக்கொண்டு வந்து இறங்கும் ஸ்டேஷன் இது. அவன் தேடும் இத்தோமோரி என்ற ஊரும் ஏரியும் கற்பனை, ஸ்டேஷன் நிஜம். வெளியே இருக்கும் டாக்சி நிறுத்தம் நிஜம். தண்டவாளத்தின் மேலே இருக்கும் பாலத்திலிருந்து ரயில் நிற்பதைப் பார்த்தால் படத்தின் சட்டகம் அப்படியே வரும். ரயில்கள் எப்போதாவதுதான் என்பதால் பாலத்தின் மேல் அட்டவணையைப் பார்த்துக்கொண்டு பொறுமையாக நிற்கிறார்கள். ஸ்டேஷனுக்குள்ளேயே பட விவரம், வரைபடம் எல்லாம் வைத்திருக்கிறார்கள்.

நூலகம் பத்து நிமிட நடை. டாக்கி பழைய செய்திகளைத் தேடும் இடம். கவுண்டரில் சொல்லிவிட்டால் படம் எடுத்துக்கொள்ளலாம், வாசிப்பவர்களின் முகம் வரக்கூடாது, சத்தம் கூடாது. நான் கேட்டதும் அந்த அம்மா சிரித்துவிட்டு, எந்த மேசை என்பதைத் தானே வந்து காட்டினார். பக்கத்து மேசையில் ஒரு பையன் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். அலமாரிகள் மரத்தால் ஆனவை, சன்னல் வழியே வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தது. படம் எடுத்து முடித்தபிறகும் எழுந்திருக்க மனமில்லை. மீன் வளர்ப்பு பற்றிய ஒரு குழந்தைகள் புத்தகத்தைப் புரட்டினேன், எழுத்து ஒன்றும் படிக்கத் தெரியாது.

மீன் என்றதும், ஊருக்கு நடுவே ஓடும் செட்டோ வாய்க்காலில் வெள்ளைச் சுவர்க் கிடங்குகளை ஒட்டி நூற்றுக்கணக்கில் பெரிய கெண்டை மீன்கள். பனிக்காலத்துக்கு முன் எல்லாவற்றையும் பிடித்துக் குளத்துக்கு மாற்றி, ஏப்ரலில் திரும்பக் கொண்டுவந்து விடுவார்களாம். படத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஊரில் பாதி நேரம் அங்கேதான் நின்றோம்.

கொஹெய் மோச்சி சாப்பிட்டோம்: சோற்றை மசித்துக் குச்சியில் பிடித்து, இனிப்பும் உப்புமான குழம்பு தடவிச் சுட்டது. கடைக்காரப் பாட்டி கதிரிடம் எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார், இந்தியா என்றதும் படம் அங்கேயும் ஓடியதா என்று அடுத்த கேள்வி. அவரே இரண்டு முறை பார்த்தாராம். எப்படி இருந்தது என்று கேட்டோம். கதை கொஞ்சம் குழப்பம், ஆனால் டாக்சி நிறுத்தம் சரியாக வரைந்திருக்கிறார்கள் என்றார்.

இரவு டகயமாவில் தங்கல், இங்கிருந்து ரயிலில் கால் மணி நேரம். 2012இல் வந்த 'ஹியோகா' தொடரின் ஊர் அதுதான். அதில் வரும் காபிக் கடைக்கு மாதிரியான பேக்பைப் நிஜத்தில் இருக்கிறது, கோயிலுக்கு மாதிரியான ஹியே கோயிலும் இருக்கிறது. கதிர் நாளை மதியம் வேலைக்குத் திரும்ப வேண்டும். காபிக் கடையை அவன் விடப்போவதில்லை, கோயிலுக்கு நான் தனியாகத்தான் ஏறவேண்டியிருக்கும்.